ஆஜ்ஞையும் அவஜ்ஞையும் ப்ரதிஜ்ஞையும்

ஸ்ரீ:

பெரியோர் சொல்லுக்கு அடங்கி நடத்தல் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையாகும். நித்யகர்மங்களைத் தொடங்கும்போதே ஸங்கல்பத்தில் 'பகவதாஜ்ஞயா' என்னும் சொல் வருகிறது. 'எம்பெருமானுடைய ஆணையினாலே இதனைச் செய்கிறேன்' என்பது அதன் பொருள். திருவரங்கம் பெரிய கோயிலில் 'அருளப்பாடு' என்று அழைக்கப்பட்டவுடன் கைங்கர்யபரர் 'நாயிந்தே' என்று விடை கூறி முன்வருவதை உற்ஸவ காலங்களில் ஸேவித்தவர்கள் அறிவர். அழைப்புக்கும் விடைக்கும் இடையே ஐயத்துக்கோ தயக்கத்துக்கோ அங்கே இடமில்லை.

ஆயினும் நம் இதிஹாஸ புராணங்களையும் குருபரம்பரையையும் ஊன்றி நோக்கினால் வியப்பான ஒன்று புலப்படும். ப்ரஹ்லாதன் தந்தையின் சொல்லைக் கேளாதவன். பரதன் தாய் பெற்றுத் தந்த அரசை உதறியவன். விபீஷணன் தமையனை விட்டுப் பிரிந்தவன். மஹாபலி குருவின் தடையை மீறியவன். கூரத்தாழ்வான் அரசனுடைய ஆணைக்கு இணங்காதவர். இவர்கள் அனைவரும் தத்தம் மேலோர் இட்ட கட்டளையை மறுத்தவர்களே. ஆயினும் இவர்களுடைய திருநாமங்களைச் சொல்லி நாம் கைகூப்புகிறோம். இராவணனும் மறுத்தவன்தான், நல்லோர் பலர் சொல்லியும் கேளாதவன். அவனை நாம் கைகூப்புவதில்லை. இரண்டு மறுப்புக்கும் வேற்றுமை எங்கே இருக்கிறது? இதனை ஆராய்வதற்கு, முதலில் சொற்களின் பொருளை அறிதல் நலம்.

சொற்களின் தாது

'ஜ்ஞா' என்னும் வடமொழித் தாதுவுக்கு 'அறிதல்' என்பது பொருள். ஞானம் என்ற சொல் பிறந்தது இதிலிருந்தே. இந்த ஒரு தாதுவோடு வெவ்வேறு உபஸர்க்கங்கள் சேரும்போது வெவ்வேறு பொருள்கள் தோன்றுகின்றன. 'ஆ' சேர்ந்தால் ஆஜ்ஞை. கட்டளை என்று பொருள். 'அநு' சேர்ந்தால் அநுஜ்ஞை. இசைவு, விடைகொடுத்தல் என்று பொருள். 'ப்ரதி' சேர்ந்தால் ப்ரதிஜ்ஞை. உறுதிமொழி என்று பொருள். 'அவ' சேர்ந்தால் அவஜ்ஞை. கீழாக எண்ணுதல், இகழ்தல் என்று பொருள்.

ஆஜ்ஞையை மறுப்பவன் அதே தாதுவிலிருந்து பிறந்த வேறொரு சொல்லின்மேல் நின்றுகொண்டே மறுக்கிறான். சொன்னவரை இகழ்ந்து மறுத்தால் அது அவஜ்ஞை. முன்னமே ஏற்றுக்கொண்ட உயர்ந்த உறுதியொன்றைக் காப்பதற்காக மறுத்தால் அது ப்ரதிஜ்ஞை. புறத்தே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அகத்தே அவை மலையும் மடுவும் போன்றவை.

ஆணையைக் கடத்தலுக்கு 'அதிலங்கனம்' என்றும் 'அதிக்ரமம்' என்றும் பெயர்கள் உண்டு. லங்கனம் என்றால் தாண்டுதல். திருவடி கடலைத் தாண்டியதைக் கூறும் ஸமுத்ர லங்கனம் என்ற வழக்கிலும் இச்சொல்லே உள்ளது. 'க்ரம்' என்பது அடி எடுத்து வைத்தலைக் குறிக்கும் தாது. எல்லையைக் கடந்து அடி வைத்தால் அதிக்ரமம். வீரத்தோடு அடி வைத்தால் விக்ரமம். மூவடியால் உலகளந்தவனுக்குத் த்ரிவிக்ரமன் என்று திருநாமம். அடி எடுத்து வைப்பது ஒன்றே. எத்திசையில், எதற்காக வைத்தது என்பதைக் கொண்டே பெயர் மாறுகிறது.

உபசாரம், அபசாரம் என்ற இரண்டும் இவ்வாறே. 'சர்' என்றால் நடத்தல். அணுகி நடத்தல் உபசாரம். பிசகி நடத்தல் அபசாரம். சரணாகதியின் அங்கங்களுள் முதலிரண்டாகச் சொல்லப்படும் ஆநுகூல்ய ஸங்கல்பமும் ப்ராதிகூல்ய வர்ஜனமும் ஆற்றங்கரையை நினைவூட்டும் சொற்கள். கூலம் என்றால் கரை. கரையை அநுஸரித்துச் செல்வது அநுகூலம். கரைக்கு மாறாகச் செல்வது ப்ரதிகூலம். எம்பெருமானுடைய திருவுள்ளமே கரை. அதற்கு மாறானதை விடுதலே ப்ராதிகூல்ய வர்ஜனம். உலகத்தார் சொல்லும் சொல் எல்லாம் அந்தக் கரை ஆகிவிடாது.

தமிழிலோ மறுத்தல், மீறுதல், கடத்தல், இகழ்தல், எதிர்த்தல், ஊடுதல் எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் 'மாட்டேன்' என்ற சொல் தனிச் சிறப்புடையது. இன்று 'செய்ய மாட்டேன்' என்றால் செய்ய மனமில்லை என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் மாட்டுதல் என்பதற்கு வல்லனாதல் என்பது பொருள். ஆகவே 'மாட்டேன்' என்றால் 'எனக்கு அதற்குச் சக்தியில்லை' என்றே பொருள்பட்டது. ஆசார்யர்களின் வ்யாக்யானங்களில் 'மாட்டாதே' என்று வருமிடங்களில் 'முடியாமல்' என்று பொருள் கொள்ளவேண்டும். இந்தப் பழம்பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறுகள் நன்கு விளங்கும்.

வணங்கேன் என்றவன்

முதலில் இராவணனைப் பார்ப்போம். யுத்த காண்டத்தில் முதியவனான மால்யவான், ஸீதாபிராட்டியைத் திருப்பி அனுப்பி ஸமாதானம் செய்துகொள்ளும்படி அறிவுரை கூறுகிறான். இராவணன் மறுக்கிறான். தான் இரண்டாகப் பிளவுண்டாலும் ஒருவனுக்கும் வணங்குவதில்லை என்றும், இது தன்னோடு பிறந்த தோஷம் என்றும், இயல்பு என்பது கடத்தற்கரியது என்றும் அவன் சொல்வதாக வால்மீகி பகவான் அருளிச்செய்கிறார்.

அங்கே 'கடத்தற்கரியது' என்ற பொருளில் 'துரதிக்ரமம்' என்னும் சொல் ஆளப்பட்டிருப்பது கருதத்தக்கது. தர்மத்தின் எல்லைகள் யாவற்றையும் அதிக்ரமித்தவன், தன் செருக்கு ஒன்றை மட்டும் அதிக்ரமிக்க முடியாது என்கிறான். அது தோஷம் என்று அவனே அறிந்திருக்கிறான். அறிந்தும் விடவில்லை. அவனுடைய மறுப்பு ஒரு தர்மத்தைக் காப்பதற்காக எழுந்ததன்று. 'நான்' என்பதைக் காப்பதற்காக எழுந்தது. இதனையே பெரியோர் ஸ்வாதந்த்ர்யம் என்பர். ஜீவாத்மா எம்பெருமானுக்கே பரதந்த்ரன் என்பது ஸம்ப்ரதாயம். அதை மறந்த நிலையில் செய்யும் மறுப்பு எவ்வளவு வீரமுடையதாகத் தோன்றினாலும் அவஜ்ஞையே ஆகும். அந்த மறுப்புக்கு விலை கொடுத்தவனும் அவன் ஒருவன் அல்லன். தம்பியும், மக்களும், இலங்கை நகரத்தாரும் அதற்கு விலை கொடுத்தார்கள்.

தந்தை சொல் கேளாத தனயன்

ப்ரஹ்லாதனுடைய சரித்திரம் ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் முதல் அம்சத்திலும் ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்திலும் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. கற்றவற்றின் ஸாரத்தைச் சொல் என்று தந்தை கேட்க, அவன் பகவானைத் துதிக்கிறான். இதை உனக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்க, எல்லோருடைய இதயத்திலும் எழுந்தருளியிருக்கும் விஷ்ணுவே ஆசான் என்று விடை கூறுகிறான். பாம்புகள், யானைகள், நெருப்பு, விஷம், மலையுச்சி, கடல் என ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டனைகள் வந்தன.

இவ்வளவிலும் அவன் செய்யாதவை எவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் தந்தையை நோக்கி ஓர் இழிசொல்லும் கூறவில்லை. அசுரச் சிறுவர்களுக்கு பக்தியை உபதேசித்தானே தவிர, அவர்களைத் திரட்டித் தந்தையின்மேல் ஏவவில்லை. அவனைக் கொல்வதற்காகப் புரோஹிதர்கள் உண்டாக்கிய க்ருத்யை திரும்பி அவர்களையே அழித்தபோது, அவர்கள் உயிர்பெற வேண்டும் என்று பகவானைப் பிரார்த்தித்தான்.

ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. கடலிலிருந்து வெளிவந்தபின் பகவான் ப்ரத்யக்ஷமாகி வரமளித்தபோது, தன்னைத் துன்புறுத்திய பாபம் தந்தையை விட்டு நீங்கவேண்டும் என்று ப்ரஹ்லாதன் கேட்டான். பிறகு வீடு திரும்பினான். ஹிரண்யகசிபு அவனை உச்சிமோந்து தழுவிக்கொண்டான். ப்ரஹ்லாதன் தந்தைக்கும் ஆசிரியர்களுக்கும் முன்போலவே பணிவிடை செய்துவந்தான் என்று பராசர மஹர்ஷி அருளிச்செய்கிறார். ந்ருஸிம்ஹாவதாரத்தில் ஹிரண்யன் மடிந்தது இதற்குப் பின்னரே என்பது அப்புராணத்தின் முறை. ஸ்ரீமத் பாகவதத்திலோ ஸம்ஹாரத்துக்குப் பின் அவன் அதே வரத்தைக் கேட்க, தந்தைக்குரிய அந்திமக் கிரியைகளைச் செய்யும்படி பகவானே நியமிக்கிறான்.

ஆக, ப்ரஹ்லாதன் மறுத்தது தந்தையின் ஒரே ஒரு கட்டளையை மட்டுமே. தந்தை என்னும் உறவை அவன் மறுக்கவில்லை. மகனுக்குரிய கடமைகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. தந்தை சொல்லைக் கேளாத பிள்ளைகள் 'ப்ரஹ்லாதன் கேட்டானா?' என்று எதிர்வாதம் செய்வதுண்டு. அவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ப்ரத்யுபவேசம்

பரதனுடைய நிலை இன்னும் நுட்பமானது. தாய் வரம் கேட்டாள், தந்தை கொடுத்தார், குலகுருவும் மந்திரிகளும் முடி சூடும்படி வேண்டினர். அதிகாரமுடையோர் அனைவரும் ஒருமுகமாக 'ஏற்றுக்கொள்' என்றபோது, ராஜ்யமும் தானும் இராமனுக்கே உரிய பொருள்கள் என்று கூறி அவன் மறுத்தான். ஒரு பொருள் மற்றொரு பொருளை எவ்வாறு ஆள முடியும்? இந்த மறுப்புக்கு அடிப்படை வெறுப்பன்று. தான் யாருடைய உடைமை என்ற தெளிவே அடிப்படை.

சித்ரகூடத்தில் இராமபிரான் திரும்பிவர இசையாதபோது, பரதன் ஸுமந்த்ரரைத் தர்ப்பையைப் பரப்பச் சொல்கிறான். அவர் இராமனுடைய திருமுகத்தைப் பார்த்துத் தயங்கவே, தானே பரப்பி அதன்மேல் படுத்துக்கொள்கிறான். பொருளை இழந்த அந்தணன் கடன்பட்டவனுடைய வாயிலில் உணவின்றிக் கிடப்பதுபோல, அண்ணன் அருளும்வரை இங்கேயே கிடப்பேன் என்கிறான். இதற்கு 'ப்ரத்யுபவேசம்' என்று பெயர். எதிரே அமர்ந்து தடுத்தல் என்பது பொருள். இன்று தர்ணா என்று வழங்கும் செயலுக்கு ஆதிகாவ்யத்தில் உள்ள பழைய சொல் இது.

இராமபிரான் கோபிக்கவில்லை. இது அந்தணருக்குரிய முறையேயன்றி முடிசூடும் க்ஷத்ரியருக்கு விதிக்கப்பட்டதன்று என்று எடுத்துரைத்து, எழுந்திருக்கச் சொன்னார். பரதனும் எழுந்தான். கூடியிருந்த நகரமாந்தரைப் பார்த்து, நீங்களாவது சொல்லலாகாதா என்று கேட்டான். இராமன் தந்தையின் வாக்கில் நிற்கிறான். அவனைத் திருப்ப இயலாது என்றார்கள் அவர்கள்.

முடிவில் பாதுகைகளைப் பெற்று, அநுஜ்ஞையும் பெற்றுத் திரும்பினான். 14 ஆண்டுகள் நந்திக்ராமத்தில் மரவுரி தரித்து, பாதுகைகளை முன்வைத்து அரசியலை நடத்தினான். தாயின் கட்டளையை மறுத்த அதே பரதன், தனக்குச் சிறிதும் உவப்பில்லாத அண்ணனின் கட்டளைக்கு அடங்கினான். எங்கே மறுக்கவேண்டும், எங்கே மறுப்பை நிறுத்தவேண்டும் என்ற இரண்டையும் அறிந்தவனே மறுக்கத் தகுதியுடையவன்.

தண்டித்தலா, விலகுதலா?

பெரியோரே வழி தவறினால் என்ன செய்வது? இதற்கு ஒரு பழமையான நீதிவாக்யம் உண்டு. செருக்குற்று, செய்யத்தக்கதும் தகாததும் அறியாமல், தவறான வழியில் செல்பவர் குருவேயாயினும் அவரைத் தண்டிக்கலாம் என்பது அதன் கருத்து. ஸ்ரீமத் ராமாயணத்தில் இதனைச் சொல்பவர் இளைய பெருமாள். தசரத சக்ரவர்த்தியின்மேல் கொண்ட சினத்தில் அவர் இதைக் கூறுகிறார். இராமபிரான் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. தம்பியை அமைதிப்படுத்திக் காட்டுக்கு எழுந்தருளுகிறார்.

இதே நீதிவாக்யம் மஹாபாரதத்தில் உத்யோக பர்வத்திலும் வருகிறது. அம்பையை ஏற்றுக்கொள்ளும்படி குருவான பரசுராமர் ஆணையிட, தம்முடைய ப்ரஹ்மசர்ய ப்ரதிஜ்ஞையைக் காப்பதற்காக பீஷ்மர் மறுக்குமிடம் அது. அங்கே வழங்கும் பாடமொன்றில் 'தண்டித்தல்' என்ற சொல்லுக்கு மாற்றாகப் 'பரித்யாகம்', அதாவது விட்டு விலகுதல் என்ற சொல் காணப்படுகிறது. ஒரு சொல் மாறியதில் தர்மத்தின் போக்கே எவ்வளவு மென்மையாகிவிடுகிறது! போர் மூண்டபோதும் பீஷ்மர் தேரை விட்டிறங்கி நடந்து சென்று குருவின் திருவடிகளை வணங்கிய பின்னரே வில்லை எடுத்தார். இவ்வாறு வந்திராவிடில் உன்னைச் சபித்திருப்பேன் என்றாராம் பரசுராமர்.

விபீஷணன் கைக்கொண்டதும் இந்த விலகுதலையே. பலமுறை நல்லது கூறினான். சபையில் இகழப்பட்டான். மூத்தவன் தந்தைக்கு ஒப்பானவன், ஆயினும் தர்மவழியில் நிற்கவில்லை என்று சொல்லி எழுந்தான். புறப்படும்போது சாபமிடவில்லை. உனக்கு மங்களம் உண்டாகட்டும், என்னை விட்டுச் சுகமாக இரு என்று வாழ்த்திவிட்டு, துணைவர் நால்வரோடு கடலின் வடகரைக்கு வந்தான். மனைவி மக்களையும் செல்வத்தையும் விட்டு வந்தான். அதனாலேயே விபீஷண சரணாகதி சரணாகதிக்கு இலக்கணமாக நம் பூர்வர்களால் கொண்டாடப்படுகிறது.

குருவின் சொல்லும் சிஷ்யனின் துணிவும்

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில், வந்திருக்கும் வாமனன் விஷ்ணுவே என்று அறிந்த சுக்ராசார்யர், கொடுக்காதே என்று மஹாபலியைத் தடுக்கிறார். ஆபத்துக் காலத்தில் பொய்யும் குற்றமாகாது என்று நீதியும் காட்டுகிறார். ப்ரஹ்லாதனுடைய பேரனாகிய தான் தருவதாக வாக்களித்துவிட்டு எவ்வாறு பின்வாங்குவது என்று பலி மறுக்கிறான். செல்வத்தை இழப்பாய் என்ற குருசாபம் உடனே விழுகிறது. அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டே நீர் வார்க்கிறான்.

திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து ரஹஸ்யார்த்தம் பெற்ற ஸ்ரீராமாநுஜர் வரலாறும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தகுதியில்லாதார்க்கு வெளியிடலாகாது என்பது ஆசார்ய நியமனம். உடையவரோ ஆசையுடையோர் பலருக்கும் அதை வெளியிட்டார். மீறினால் பலன் என்ன என்று நம்பி வினவ, நரகம் என்று தயங்காமல் விடையளித்தார். தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வரே என்றார். நம்பி அவரைத் தழுவிக்கொண்டு 'எம்பெருமானார்' என்று திருநாமம் சாற்றியதாகக் குருபரம்பரை கூறும். மீறியதன் தண்டனையை மறைக்காமலும் குறைக்காமலும் தம் வாயாலேயே உரைத்ததுதான் அங்கே குருவின் திருவுள்ளத்தை உருக்கியது.

குருவின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதை வேதமே கூறுகிறது. கல்வி முடித்து விடைபெறும் மாணவனிடம், எங்களுடைய நல்லொழுக்கங்களை மட்டுமே நீ பின்பற்றவேண்டும், மற்றவற்றை அன்று என்னும் கருத்தை ஆசார்யரே சொல்வதாகத் தைத்திரீய உபநிஷத்தில் உள்ளது. தம் சொல்லுக்குத் தாமே எல்லை கட்டும் ஆசானே உண்மையான ஆசான்.

கூரத்தாழ்வானும் இரண்டு மறுப்புகளும்

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் அவதரித்தவர் கூரத்தாழ்வான். அக்காலத்துச் சோழ மன்னன், பரத்வத்தைப் பற்றித் தான் எழுதிவைத்த வாசகத்தில் கையெழுத்திடும்படி உடையவரை அழைத்தான். ஆசார்யனுக்கு ஆபத்து என்றறிந்த ஆழ்வான், உடையவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துக்கொண்டு, வயது முதிர்ந்த பெரிய நம்பிகளோடு அரசவைக்குச் சென்றார். உடையவர் மேல்நாட்டுக்கு எழுந்தருளித் திருநாராயணபுரத்தை அடைந்தார். அவையில் ஆழ்வான் கையெழுத்திட மறுத்தார். கண்களை இழந்தார். பெரிய நம்பிகள் வழியிலேயே திருநாடு அலங்கரித்தார்.

ஒரு கையெழுத்துத்தானே, உள்ளத்தில் வேறாக வைத்துக்கொண்டு இட்டுவிட்டால் என்ன என்று உலகியலறிவு கேட்கும். ஆழ்வானுடைய மறுப்பு 'மாட்டேன்' என்ற சொல்லின் பழம்பொருளில் அமைந்த மறுப்பு. அவருக்கு அது மனமில்லாத செயல் அன்று, இயலாத செயல். மீனால் கரையில் நடக்க முடியாதது போன்றது அது.

ஆழ்வானுடைய இரண்டாவது மறுப்பு இதைவிடவும் அரியது. கண்ணிழந்து திருவரங்கம் திரும்பிய அவர், பெரிய பெருமாளை ஸேவிக்கக் கோயில் வாயிலுக்கு வந்தார். ராமாநுஜ ஸம்பந்தமுடையோரை உள்ளே விடலாகாது என்பது அரசாணை என்று காவலர் ஒருவர் தடுத்தார். மற்றொருவர், இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரை விடலாம் என்றார். ஆழ்வான் அப்படியே நின்றார். தம்முடைய நற்குணத்துக்காக அநுமதி கிடைக்குமாயின், அது ஆசார்ய ஸம்பந்தம் இல்லாதவன் என்று தம்மை எண்ணிக் கொடுத்த அநுமதியாகும். அந்த அநுமதி வேண்டா என்று கூறித் திரும்பிவிட்டார். பிறகு திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, அழகரைக் குறித்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். கண்ணைக் கொடுத்தவர், கண்ணினும் இனிய பெருமாள் ஸேவையையும் கொடுத்தார். அதிகாரம் அச்சுறுத்தும்போது மறுப்பவர் சிலர் உண்டு. அது சலுகை தரும்போதும் மறுப்பவர் மிகச் சிலரே.

இவ்வரலாறு எவர்மேலும் பகை கொள்வதற்காகச் சொல்லப்படுவதன்று. ஆழ்வானே அதற்குச் சான்று. அரசனிடம் தம் பெயரைச் சுட்டிக்காட்டித் துன்பத்துக்குக் காரணமான நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெறவேண்டும் என்றே பேரருளாளனிடம் அவர் வேண்டிக்கொண்டார்.

சொன்னவண்ணம் செய்த பெருமாள்

காஞ்சியில் திருவெஃகா என்னும் திவ்யதேசம் இப்பொருளுக்கு ஒரு முடிவுரை போல விளங்குகிறது. பிரமன் செய்த வேள்வியை அழிக்க ஸரஸ்வதி வேகவதி ஆறாகப் பெருகி வந்தபோது, எம்பெருமான் அதன் குறுக்கே அணையாகப் பள்ளிகொண்டான் என்பது ஸ்தலபுராணம். வெள்ளத்தின்மேல் அவன் ஆயுதம் ஏவவில்லை, படுத்தே தடுத்தான்.

அதே தலத்தில் பின்னொரு காலத்தில், திருமழிசைப்பிரானுடைய சிஷ்யரான கணிகண்ணரிடம் பல்லவ மன்னன் தன்மீது கவி பாடச் சொன்னான். எம்பெருமானைப் பாடும் நாவால் மானிடனைப் பாட அவர் மறுத்தார். நாடு கடத்தப்பட்டார். சிஷ்யனோடு ஆழ்வாரும் புறப்பட்டார். பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா என்று ஆழ்வார் சொல்ல, பெருமாளும் எழுந்து பின்னே நடந்தான். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. இன்று ஓரிக்கை என வழங்குகிறது. நகர் பொலிவிழக்கக் கண்ட மன்னன் ஓடிவந்து வணங்க, ஆழ்வார் மீண்டும் சொல்ல, பெருமாள் திரும்பிவந்து பள்ளிகொண்டான். தலங்களில் வழக்கமாகக் காணும் கிடைக்கு மாறாக இங்கே பள்ளிகொண்டிருப்பது அந்நிகழ்ச்சியின் அடையாளம் என்பர்.

அவனுக்கு 'யதோக்தகாரி' என்று திருநாமம். 'சொன்னபடி செய்பவன்' என்பது பொருள். கீழ்ப்படிதலைக் குறிக்க இதைவிடத் தெளிவான சொல் இல்லை. அச்சொல் அடியவனுக்கு அமையாமல் ஆண்டவனுக்கே திருநாமமாக அமைந்தது. அதிகாரத்தின் முன் அச்சமின்றி மறுத்த ஒரு சிஷ்யனுக்காக, எல்லா அதிகாரங்களுக்கும் மேலான பரம்பொருள் கீழ்ப்படிந்து நடந்தது.

ஊடல் என்னும் மறுப்பு

அன்பினால் விளையும் மறுப்பும் ஒன்றுண்டு. பங்குனி உற்ஸவத்தில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளித் திரும்பியபின், பங்குனி உத்திரத்தன்று பெரியபிராட்டியார் ஸந்நிதி வாயிலில் கதவு அடைக்கப்படுவதையும், பூப்பந்துகளும் வாழைமட்டையும் வீசப்படுவதையும், நம்மாழ்வார் எழுந்தருளி ஸமாதானம் செய்வதையும் பல்லாயிரவர் ஸேவிக்கின்றனர். மட்டையடி என்று ஜனங்கள் சொல்லும் இதற்கு ப்ரணய கலஹம் என்று பெயர். ப்ரணயம் என்றால் அன்பு. இந்த மறுப்பில் அவஜ்ஞை அணுவளவும் இல்லை. கதவு அடைபட்டதே திறக்கப்படுவதற்காகத்தான். கதவு திறந்தபின் நடைபெறும் சேர்த்தியின்போதே உடையவர் கத்யத்ரயம் அருளிச்செய்து உலகனைத்துக்குமாகச் சரணாகதி செய்தார் என்பது ஸம்ப்ரதாயம். மறுப்பு முடிந்த இடத்தில் அடைக்கலம் பிறந்தது.

நமக்கு ஆவது

இவ்வரலாறுகளிலிருந்து மூன்று அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாவது, மறுப்பு எதைக் காப்பதற்காக எழுகிறது என்பது. 'நான்' என்பதைக் காக்க எழுந்தால் அது இராவணன் வழி. தர்மத்தைக் காக்க எழுந்தால் ப்ரஹ்லாதன் வழி. இரண்டாவது, அதன் இழப்பு யார்மேல் விழுகிறது என்பது. பலி செல்வத்தை இழந்தான். ஆழ்வான் கண்ணை இழந்தார். உடையவர் நரகத்தையும் ஏற்கத் துணிந்தார். தன் இழப்பைத் தான் ஏற்பவனே மறுக்கலாம். மூன்றாவது, மறுத்த பின்னும் மரியாதையும் கடமையும் தொடர்கின்றனவா என்பது.

இது புராணத்தோடு நின்றுவிடும் விஷயம் அன்று. இல்லறத்தில் ஒவ்வொருவருக்கும் இச்சோதனை வருகிறது. மகனுக்கு மணம் பேசும்போது பெற்றோர் வரதக்ஷிணை கேட்கின்றனர். 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் அதனைத் தடுத்துவிட்டது; தர்மம் அதற்கு முன்பே தடுத்துவிட்டது. அங்கே மகன் 'பெரியோர் சொல்' என்று வாய்மூடி இருப்பது பித்ருபக்தி ஆகாது. அது கீழ்ப்படிதல் என்ற போர்வையில் ஒளிந்துகொள்ளும் லோபமே. 'எனக்கு இது இயலாது' என்று பணிவோடு சொல்லி, அவர்களுடைய சினத்தையும் தாங்கி, அதன்பின் முன்னிலும் அதிகமாக அவர்களுக்குப் பணிவிடை செய்பவனே ப்ரஹ்லாதனைப் படித்தவன். மேலதிகாரி பொய்க்கணக்கில் கையெழுத்திடச் சொல்லும்போது, பதவி உயர்வு போனாலும் போகட்டும் என்று பேனாவைக் கீழே வைப்பவன் கூரத்தாழ்வானை ஒரு சிறிதேனும் அறிந்தவன். சோம்பலாலும் செருக்காலும் பெரியோர் சொல்லைத் தட்டிவிட்டு, இம்மஹான்களின் பெயரைத் துணைக்கு அழைப்பவனோ அவர்களுக்கும் சேர்த்து அபசாரம் செய்தவனாவான்.

பெற்றோரும் ஆசிரியரும் அதிகாரிகளும் உணரவேண்டியதும் ஒன்றுண்டு. மறுத்த சிஷ்யனை நம்பிகள் தழுவிக்கொண்டார். எதிரே கிடந்த தம்பியை இராமபிரான் இன்சொல்லால் எழுப்பினார். மறுப்பவனுடைய உள்ளத்தில் இருப்பது அவஜ்ஞையா ப்ரதிஜ்ஞையா என்று ஒரு கணம் நின்று பார்த்தல் ஆணையிடுவோரின் கடமை.

திருவீதியில் எம்பெருமான் எழுந்தருளும்போது ஸ்ரீபாதம் தாங்குவோர் ஒரே குரலுக்கு நின்று, ஒரே குரலுக்கு நடப்பதை அன்பர்கள் ஸேவிக்கிறார்கள். அவ்வாறு அடங்கி நடக்கவேண்டிய இடத்தில் அடங்கவும், மறுக்கவேண்டிய இடத்தில் அஞ்சாது மறுக்கவும், மறுத்த பின்னும் அன்பு குறையாதிருக்கவும் வேண்டிய தெளிவை, சொன்னவண்ணம் செய்யும் அப்பெருமானே இவ்வுற்ஸவத்துக்கு வந்துள்ள அடியார் அனைவருக்கும் அருள்வானாக.

சுபம்.